சாவி யாரிடம், உண்டியல் யாரிடம்? பினாங்குப் பூங்காக்களுக்கு மூன்று வழிகள்

கடிதத்தின் முதல் பத்தியை எழுதி முடித்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பாலத்தில் பலகை போனது, கழிப்பறையில் தண்ணீர் வராதது, மழை பெய்தால் நடைபாதை வாய்க்காலாவது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டோம். இரண்டாவது பத்தி, ‘ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது’ என்று தொடங்குகிறது. தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

எங்கள் காலை நடைக் குழுவில் ஒன்பது பேர். வார நாள்களில் மலேசியாவின் பினாங்குத் தீவில், தண்ணீர்மலையில் உள்ள தாவரவியல் பூங்கா. மாதத்தில் ஒரு ஞாயிறு பாலம் தாண்டிப் பெருநிலத்துக்குப் போவோம்: நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் புக்கிட் பாஞ்சோர் மாநிலப் பூங்கா, இல்லையென்றால் புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் காடு. சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம் என்றபோது ஒன்பது தலையும் ஆடின. என்ன கேட்பது என்றபோது மூன்று கட்சியாகிவிட்டோம்.

அரசுத் துறையே நடத்தட்டும், ஒதுக்கீட்டை மட்டும் உயர்த்துங்கள் என்பது ஓய்வுபெற்ற ஆசிரியையின் கட்சி. கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) இருப்பதுபோல், தன் வருமானத்தைத் தானே வைத்து நடத்தும் ஒரு கழகத்தைச் சட்டப்படி அமைக்க வேண்டும் என்பது வங்கியில் வேலை பார்த்தவரின் கட்சி. தனியாரிடம் குத்தகைக்கு விட்டுப் பாருங்கள், ஆறே மாதத்தில் கழிப்பறை பளபளக்கும் என்பது சுற்றுலா வேன் ஓட்டும் அண்ணனின் கட்சி. நான் முப்பது ஆண்டுகள் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். எந்திரம் யாருடையது என்பதைவிட, அதற்கு எண்ணெய் வாங்கும் பணம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தே பழகியவன். கட்சி சேராதவன் என்பதால் ஒப்பிட்டு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மூன்றையும் எடைபோடும் முன் இன்றைய நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். நடக்க வருகிறவர் எல்லாவற்றையும் ‘பார்க்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். உள்ளே போனால் வீட்டுக்கு வீடு வாசற்படி வேறு. தாவரவியல் பூங்கா மாநில அரசின் தனித்துறை. புக்கிட் பாஞ்சோரும் செரோக் தோக்குனும் வனத்துறையின் பொறுப்பு. தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா 2003ஆம் ஆண்டில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதை நடத்துவது கூட்டரசின், அதாவது மத்திய அரசின், வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. கொடிமலைக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு கழகம். இளைஞர் பூங்காவோ மாநகர் மன்றத்தின் கையில். தாவரவியல் பூங்கா வாசலருகே தொடங்கும் ஜீப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஏறினால் கொடிமலை உச்சி. அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் நாம் எத்தனை அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறோம் என்பது நமக்கும் தெரியாது, குரங்குகளுக்கும் தெரியாது.

ஆசிரியையின் கட்சியிலிருந்து தொடங்குகிறேன். இருப்பதில் மூத்தது அதுதான்.

தாவரவியல் பூங்கா 1884ஆம் ஆண்டில் தொடங்கியது. சார்லஸ் கர்ட்டிஸ் அதன் முதல் கண்காணிப்பாளர். பழைய கருங்கல் குவாரியாக இருந்த பள்ளத்தாக்கைச் சோலையாக்கினார்கள். 29 ஹெக்டேர், இன்றும் நுழைவு இலவசம். நாகலிங்க மரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கும், கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரருக்கும் ஒரே நிழல். துறைக்கு உள்ள பெரிய பலம் இதுதான்: லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு மரம் எழுபது ஆண்டுகள் கழித்து எவ்வளவு பரவும் என்று யோசித்து இடம் விட்டு நட, வாடகைக் கணக்குப் பார்க்கிறவரால் முடியாது.

பலவீனம் பணத்தின் பாதையில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 97ஆவது பிரிவின்படி, மாநிலம் திரட்டும் வருவாய் மாநில ஒருங்கிணைந்த நிதிக்குப் போக வேண்டும். ஒரு துறை வசூலிக்கும் கட்டணமும் வாடகையும் அந்தப் பெருங்கடலில் கலந்துவிடும். திரும்பி வருவது ஆண்டு ஒதுக்கீடாக, சட்டமன்றம் ஒப்புதல் தந்த தொகையாக மட்டுமே. பூங்காவில் கூட்டம் இரட்டிப்பானால் குப்பை இரட்டிப்பாகும். துடைப்பத்துக்கான பணம் இரட்டிப்பாகாது. ஆண்டு முடிந்ததும் செலவழியாத தொகை கைவிட்டுப் போகும். அதனால் டிசம்பரில் அவசரமாகச் சாயம் பூசுவார்கள். மழைக்காலத்துக்கு முன் தூர்வார வேண்டிய வாய்க்கால் அப்படியே கிடக்கும்.

பலகைக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தப் பூங்கா என்பது கடிதத்தில் மட்டும் இருக்கட்டும். ஓடையின் மேல் ஒரு சிறு மரப்பாலம். ஒரு பலகை உளுத்துப்போயிற்று. அதன்மேல் யாரோ ஒரு மரக்கிளையை அடையாளமாகப் போட்டு வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துப் பலகையும் போனது. அப்போது சிவப்பு நாடா கட்டினார்கள். எட்டாவது மாதத்தில் பாலமே மூடப்பட்டது. அங்கிருந்த காவலாளியிடம் கேட்டேன். “ஐயா, ஒரு பலகை மாற்ற எங்களிடம் பணம் இல்லை. பாலம் முழுதும் போனால் புதுப் பாலத்துக்கு விண்ணப்பிக்கலாம்” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் நான் இதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்: எந்திரம் வாங்கும் பணம் ஒரு பையில், எண்ணெய் வாங்கும் பணம் இன்னொரு பையில். முதல் பை கனக்கும். இரண்டாவதில் ஓட்டை இருக்கும். தாவரவியல் பூங்காவின் நுழைவாயிலில் எழுப்பிய பெரிய வளைவுகள் 2010ஆம் ஆண்டில் சர்ச்சையானதும், விரிசல் கண்டு பிறகு அகற்றப்பட்டதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். கட்டுவதற்குப் பணம் எப்போதும் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது.

“அப்படியானால் எண்ணெய்ப் பையை நிரப்பச் சொல்வோம்” என்கிறார் ஆசிரியை. நியாயம்தான். எதிலிருந்து நிரப்புவது? நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கின்றன. பெரிய வரிகள் கூட்டரசின் கையில் இருக்கின்றன. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1984ஆம் ஆண்டில் வாக்காளர்களே ஒரு சிறு விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. அதில் பாதி மாநிலப் பூங்காக்களுக்கு, மறு பாதி மண், நீர் பாதுகாப்புக்கு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மக்களிடம் மறுபடி வாக்குக் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டிலும் மக்கள் சரி என்றார்கள். அங்கே பூங்கா நுழைவு இலவசம். மிச்சிகன் 2010ஆம் ஆண்டில் வாகனப் பதிவைப் புதுப்பிக்கும்போதே, விருப்பமுள்ளவர் பூங்காவுக்கென்று கூடுதல் தொகை கட்டும் முறையைக் கொண்டுவந்தது. இரண்டும் அழகான யோசனைகள். விற்பனை வரியும் சாலை வரியும் கூட்டரசு இருக்கும் புத்ராஜெயாவின் பக்கம் இருப்பதால், நமக்கு இரண்டும் எட்டாத கனிகள்.

எட்டும் கனியும் உண்டு. பினாங்கில் 2014ஆம் ஆண்டு முதல் ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) அல்லது 3 வெள்ளி என்று ஒரு கட்டணம் வசூலிக்கப்படுகிறது. பயணிகள் எதைப் பார்க்க வருகிறார்கள்? கோட்டையை, கடலை, மலையை, சாப்பாட்டை. மலையைப் பார்க்க வந்தவர் கொடுத்த வெள்ளியில் ஒரு பங்கு மலைப்பாதைக்கு என்று எழுதி வைப்பதில் என்ன தடை? காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு தரும் சூழலியல் நிதியும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் 60 மில்லியன் ரிங்கிட்டாகத் தொடங்கி, 2024ஆம் ஆண்டில் 200 மில்லியனாக வளர்ந்தது. ஆனால் அது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான பந்தி. பகாங்கும் பேராக்கும் சபாவும் சரவாக்கும் உட்கார்ந்த பிறகு, கையளவு காடு வைத்திருக்கும் பினாங்கின் இலையில் எவ்வளவு விழும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

இனி வேன் அண்ணனின் கட்சி. அவர் காட்டும் சாட்சி வலுவானது. கொடிமலை உச்சியில் 2016ஆம் ஆண்டில் தனியார் திறந்த காட்டுப் பூங்கா ‘தி ஹேபிடேட்’. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பாதையையொட்டி 1.6 கிலோமீட்டர் காட்டு நடை, மர உச்சிகளுக்கு மேல் தொங்கும் பாலம், தெளிவான பெயர்ப்பலகைகள், சுத்தமான கழிப்பறை. வழிகாட்டிகள் பறவையின் பெயர் சொல்வார்கள். ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் தனியாக ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். நானும் மனைவியும் இரண்டு முறை போயிருக்கிறோம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, டிக்கெட் விலையைத் தவிர.

ஆனால் அது ஓடுவதற்குக் காரணம் நிர்வாகத் திறமை மட்டும் அல்ல, இடமும்தான். கொடிமலைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதி உள்ளே வந்தாலே போதும். அதே நிறுவனத்தை, அதே திறமையோடு, புக்கிட் பாஞ்சோருக்குக் கூட்டி வாருங்கள். சுமார் 445 ஹெக்டேர் தாழ்நிலக் காடு, ஓர் ஓடை, வௌவால் குகை. ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் குடும்பங்கள் மீகூன் கட்டிக்கொண்டு வந்து குளித்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் ஆளுக்கு நாற்பது வெள்ளி கேட்டால் அடுத்த ஞாயிறு யார் வருவார்கள்? பணம் போட்டவர் பணத்தை எடுக்கப் பார்ப்பார். அது அவர் தருமம். எடுக்க முடியாத இடத்துக்கு அவர் வரவே மாட்டார். குத்தகை முறையில் தலைவாழை இலை கொடிமலைக்கு, தொன்னை பாஞ்சோருக்கு.

சபாவில் 1998ஆம் ஆண்டில் கினபாலு பூங்காவின் தங்குமிடங்களைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். மலையும் காடும் பூங்கா வாரியத்திடம், படுக்கையும் சாப்பாடும் நிறுவனத்திடம். அறைகள் மேம்பட்டன, உண்மை. ஆனால் உச்சிக்குப் போக ஓர் இரவு மேலே தங்கியாக வேண்டும். மேலே படுக்கைகள் குறைவு. சொந்த நாட்டு மலையில் ஏறச் சம்பளத்தில் பாதி போகிறது என்ற புலம்பல் அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை. ஒரே வாசல் உள்ள இடத்தில் வாசலைக் குத்தகைக்கு விட்டால் இதுதான் நடக்கும்.

இன்னொன்றை அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். 2017 நவம்பர் தொடக்கத்தில் பெய்த பேய்மழை நினைவிருக்கிறதா? கொடிமலையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது! சரிவைச் சீராக்கும் செலவு கடைசியில் அரசாங்கத்தின் தலையில்தான் விழுந்தது. எந்தக் குத்தகை ஒப்பந்தத்திலும் மண்சரிவு ‘இயற்கைச் சீற்றம்’ என்ற ஒரு வரிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பினாங்கில் பூங்காப் பராமரிப்பு என்பதில் பெரும்பகுதி சரிவைப் பிடித்து நிறுத்துவதுதான். பூச்செடி மீதி நேரத்தில். இப்போது தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து கொடிமலைக்குத் தனியார் முதலீட்டில் கேபிள் கார் வருகிறது. அதன் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் படிக்க விரும்புவது மண்சரிவு பற்றிய அந்த வரியைத்தான்.

அப்படியானால் வங்கிக்காரர் சொல்லும் கழகமா?

கொடிமலை ரயிலை எடுத்துக்கொள்வோம். 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ரயில். என் சிறு வயதில் நடுவழியில் இறங்கி வண்டி மாற வேண்டும். அரை மணி நேரம் ஆகும். பெட்டி மரவாசனை அடிக்கும். கூட்டரசு கொடுத்த 63 மில்லியன் ரிங்கிட்டில் புதுப்பித்து 2011ஆம் ஆண்டில் திறந்தார்கள். தொடக்கத்தில் அடிக்கடி நின்று மானத்தை வாங்கியது. கழகம் வந்த பிறகு கண்ட மாற்றம் ஒரு சிறு அறிவிப்புப் பலகையில் தெரியும்: ‘ஆண்டுப் பராமரிப்புக்காக ரயில் சேவை நிறுத்தம்’. வருமானம் வரும் வாசலைத் தானாகவே சில நாள்கள் மூடிவைத்து எந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் துணிச்சல், தன் பணத்தைத் தானே வைத்திருக்கும் அமைப்புக்கே வரும். மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) வைத்திருக்கும் வயது வந்தவருக்குப் போய்வர 12 வெள்ளி, வெளிநாட்டவருக்கு 30 வெள்ளி என்று பல ஆண்டுகளாக இரண்டு விலை வைத்து நடத்தியதும் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

இது கொடிமலைக்கு மட்டும் வாய்த்த புதுமை அல்ல. ஜொகூர் 1989ஆம் ஆண்டிலேயே தன் தேசியப் பூங்காக்களுக்குக் கழகம் அமைத்தது. பக்கத்து வீடான பேராக், 2001ஆம் ஆண்டில் மாநிலப் பூங்காக் கழகச் சட்டம் இயற்றி, 2007ஆம் ஆண்டில் 117,500 ஹெக்டேர் ரோயல் பெலும் காட்டை அதன் கீழ்க் கொண்டுவந்தது. நம்மிடம் கழகம் ஒரு மலைக்கு மட்டும் இருக்கிறது. மீதிப் பூங்காக்கள் ஆளுக்கொரு தாழ்வாரத்தில்.

ஆனால் கழகத்துக்கும் ஒரு நோய் உண்டு. தானே சம்பாதித்துத் தானே செலவழிக்கும் வீட்டில், சம்பாதிக்காத பிள்ளைக்குச் சாதம் குறையும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1991ஆம் ஆண்டு முதல் பூங்காக்கள் தங்கள் வருமானத்திலேயே ஓட வேண்டும் என்பது விதி. கூட்டம் மொய்க்கும் கடற்கரையும் பள்ளத்தாக்கும் சம்பாதித்துச் சிறு பூங்காக்களைக் காப்பாற்றுகின்றன. அன்றாடச் செலவு எப்படியோ நடந்துவிடும். கூரை மாற்றுவது, குழாய் மாற்றுவது போன்ற பெரிய வேலைகள் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதே மாநிலம் 1998ஆம் ஆண்டில் ஒரு காரியம் செய்தது. சுனபி என்ற பனிச்சறுக்கு மலையைத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டு, அந்தக் குத்தகைப் பணத்தை, அரசே நடத்தும் கேனன் என்ற இன்னொரு மலையின் மேம்பாட்டுக்கு என்று பூட்டி வைத்தது. இதைக் குழுவில் படித்துக் காட்டியபோது முதல் முறையாக மூன்று கட்சியும் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்தன.

பூட்டு வைப்பதோடு வேலை முடிவதில்லை, சாவியை யார் எண்ணுவது என்றும் கேட்க வேண்டும். கலிபோர்னியா 2011ஆம் ஆண்டில் பணமில்லை என்று 70 பூங்காக்களை மூடப்போவதாக அறிவித்தது. ஊர் மக்கள் உண்டியல் குலுக்கிக் காசு சேர்த்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் பார்த்தால், பூங்காத் துறையின் இரண்டு நிதிகளில் சுமார் 54 மில்லியன் டாலர் வெளியே தெரியாமல் கிடந்தது. இயக்குநர் பதவி விலகினார். உண்டியல் குலுக்கியவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோவிலில் உண்டியல் எண்ணும்போது சுற்றி எத்தனை கண்கள் இருக்கின்றன. பூங்காவுக்கு அந்த அளவு வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை வாசலில் ஒட்டும் ஒரு தாள் போதும். வரவு இவ்வளவு, பராமரிப்புக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு.

தொண்டர்களை வைத்தே நடத்தலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு நாங்களும் போயிருக்கிறோம். குப்பை பொறுக்கலாம், செடி நடலாம். சரிவுக்கு இரும்புவலை கட்ட முடியாது.

ஆகவே என் தீர்ப்பு கழகத்தின் பக்கம், ஆனால் வங்கிக்காரர் கேட்கும் வடிவில் அல்ல. பாஞ்சோருக்குத் தனிக் கழகம் வைத்தால் அது பிறக்கும்போதே பட்டினி. தாவரவியல் பூங்கா, பாஞ்சோர், தோக்குன், தெலுக் பஹாங் வனப்பூங்கா எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர வேண்டும். தேசியப் பூங்கா கூட்டரசின் சொத்து, அதை விட்டுவிடலாம். மரம் வெட்டுகிறவரைப் பிடிக்கும் அதிகாரம் வனச் சட்டப்படி வனத்துறையிடமே இருக்கட்டும். சீருடையையும் டிக்கெட் புத்தகத்தையும் ஒரே ஆளிடம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாவரவியல் பூங்கா இலவசமாகவே தொடர வேண்டும். சிற்றுண்டிக் கடை, தங்கும் குடில், வாகன நிறுத்துமிடம் இவற்றைக் குத்தகைக்கு விடலாம். வாசலை மட்டும் விடக்கூடாது. கொடிமலையிலும் அதன் அடிவாரத்திலும் அரசுக்கு வரும் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைச் சிறு பூங்காக்களின் பராமரிப்புக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து வளைவும் கட்டக்கூடாது, விழாவும் நடத்தக்கூடாது. பலகை, குழாய், வாய்க்கால், சரிவு. அவ்வளவுதான்.

வங்கிக்காரருக்கு இதில் ஒரு மறுப்பு இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. “கொடிமலைக்கே சரிவு வேலை மலையாகக் கிடக்கிறது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்று பட்டம் கொடுத்துவிட்டது. பட்டத்துக்கு ஏற்ற செலவும் இருக்கிறது. அதன் தட்டிலிருந்து எடுத்துப் பாஞ்சோருக்குக் கொடுத்தால் இரண்டும் மெலியும்” என்கிறார். அதனால்தான் ஹோட்டல் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்போம் என்றேன். யோசித்துவிட்டு, “சரி, எழுதுங்கள்” என்றார். அண்ணன், குடில்களைக் குத்தகைக்கு விடலாம் என்ற வரியைப் பார்த்ததும் பாதி வெற்றி என்று சிரித்தார்.

ஆசிரியை மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பாஞ்சோருக்கு உள்ளூர்க்காரரிடம் கட்டணம் வாங்குவதா என்ற ஒரு கேள்வி பாக்கி. அவர் கூடாது என்கிறார். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐந்து பேராக வரும் குடும்பத்தை எனக்குக் காட்டியவரும் அவர்தான். அண்ணன் இரண்டு வெள்ளி என்கிறார். நான் ஒரு வெள்ளி போதும் என்கிறேன், சீட்டின் பின்பக்கம் பராமரிப்புக் கணக்கை அச்சடித்துத் தருவதாக இருந்தால். கடிதத்தில் அந்த இடத்தைக் கோடு போட்டு வெறுமையாக விட்டிருக்கிறோம். இந்த ஞாயிறு பாஞ்சோருக்குப் போகிறோம். ஓடையில் குளிக்க வருகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.